ஒற்றை இரவின் அணி

பேஸ்பால் நம்மவர்க்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். அதைப் பற்றி, அதுவும் அதை ஆடுவதைப் பற்றியன்றி ஆடுபவர்களைக் காகிதத்தில் தேர்ந்தெடுக்கும் ஒரு துணை விளையாட்டைப் பற்றி, இலக்கிய அன்பர்கள் கூடும் இவ்விடத்தில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் அந்த விளையாட்டைப் பெற்றும் பேணியும் வளர்த்தவர்கள் யாரென்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒரு நாவலாசிரியர், ஒரு சமூகவியல் பேராசிரியர், ஒரு திரைப்பட வரலாற்றாசிரியர், நியூயார்க் பதிப்புலகத்தார் சிலர், ஆங்கில இலக்கியம் பயின்ற ஓர் இரவுக் காவலாளி. களத்தில் இறங்கிப் புகழ்பெற்ற வீரர் ஒருவரும் அவர்களுள் இல்லை. அது வாசிப்பவர்கள் கண்டெடுத்த விளையாட்டு. அவர்கள் கையிலிருந்து அது எவ்வாறு நழுவியது என்பதையே நாம் இங்குச் சொல்ல விழைகிறோம்.

கிரிக்கெட் அறிந்தவர்க்குப் பேஸ்பாலின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூவர் ஆட்டமிழந்தால் மறு அணியின் முறை. மட்டையாளர் ஒன்பதின்மரும் முன்கூட்டி வகுத்த வரிசையில் திரும்பத் திரும்ப வருவர். ஆகவே ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நான்கு முறைதான் மட்டை பிடிக்க வாய்ப்பு. ஒருவரே நாள் முழுதும் நிலைத்து நின்று இருநூறு ஓட்டம் குவிப்பது அங்கே நடவாது. ஒவ்வொரு வாய்ப்பும் பந்தெறிபவருக்கும் மட்டையாளருக்கும் இடையிலான தனிப்போர். அது முடிந்தவுடன் அதன் விளைவை ஒரு குறியால் எழுதிவிட முடிகிறது. இவ்வளவு துல்லியமாகத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணத்தக்க குழு விளையாட்டு வேறொன்று உண்டா என்பது ஐயமே.

அந்த எண்ணிக்கையை ஒழுங்குபடுத்தியவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, நியூயார்க் நாளிதழ்களுக்குக் கிரிக்கெட் செய்திகள் எழுதிவந்தவர். கிரிக்கெட் கணக்கேட்டில் பழகிய கை பேஸ்பாலுக்கும் ஒரு கட்டத்தை வரைந்தது. 'பாக்ஸ் ஸ்கோர்' எனப்படும் அந்தச் சிறு பட்டியலை 1850களின் இறுதியிலிருந்து அவர் பரப்பினார். பெயர், ஓட்டம், ஆட்டமிழப்பு என்று சில அங்குல அகலத்தில் ஒரு முழு ஆட்டம் அடங்கிவிடும். மைதானத்துக்குப் போகாதவன், பல நூறு மைல்களுக்கு அப்பால், மறுநாட் காலையில் காபியோடு அந்த ஆட்டத்தை வாசித்துவிடலாம். இனிவரும் எல்லாவற்றுக்கும் மூலம் இந்த வாசகன்தான். வாசிக்க முடிந்ததை மாற்றி எழுதிப் பார்க்கவும் முடியும் என்று அவனுக்குத் தோன்ற நெடுங்காலம் ஆகவில்லை.

அப்படித் தோன்றியவர்களுள் இலக்கிய வாசகர்க்கு மிகவும் அறிமுகமானவர் ஜாக் கெரவாக். 'ஆன் த ரோடு' (1957) நாவலால் ஒரு தலைமுறையையே வீட்டை விட்டு வெளியேறச் செய்தவர், வீட்டுக்குள் ஒரு மேசையின் மேல் முழுமையான பேஸ்பால் உலகம் ஒன்றை வைத்திருந்தார் என்பதை அவருடைய நண்பர்களிற் பெரும்பாலோர் அறியவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் ஊரில் சிறுவனாக இருந்தபோது அதைத் தொடங்கினார். முதலில் கோலிக்குண்டும் பற்குச்சியும். பின்னர் தாமே வரைந்த சீட்டுகள். பிட்ஸ்பர்க் பிளிமத்ஸ், பாஸ்டன் ஃபோர்ட்ஸ் என்று மோட்டார் வண்டிகளின் பெயரால் அணிகள்; வைனோ லவ் போன்ற பெயர்களில் ஆட்டக்காரர்கள். அவர்களுக்குச் சராசரிகள், சம்பளம், அணி மாற்றம், அவர்களைப் பற்றித் தட்டச்சிட்ட செய்தித்தாள். நடுவயது வரையிலும் இதை அவர் விடவில்லை. அத்தாள்கள் இன்று நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் உள்ளன. அந்நூலகம் 2009இல் இதற்கென்றே ஒரு நூலும் வெளியிட்டது.

ராபர்ட் கூவர் 1968இல் வெளியிட்ட நாவலையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜே. ஹென்றி வா என்னும் கணக்கர் சமையலறை மேசையில் மூன்று பகடைகளை உருட்டி ஒரு பேஸ்பால் உலகத்தை நடத்திவருகிறார். ஐம்பத்தாறாவது பருவம். டேமன் ரதர்ஃபோர்ட் என்ற இளம் பந்தெறிவாளன் அவருக்கு உயிர். ஓர் இரவு பகடை விழுந்த விதத்தில், விதிப்பட்டியலின்படி, அவன் தலையில் பந்து பட்டு இறந்துபோகிறான். தாமே வகுத்த விதியைத் தாமே மீறலாமா என்பதுதான் அதன்பின் அந்த மனிதரின் துயரம். கற்பனை அணிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிட ஆழமானது இல்லை என்பது நம் கருத்து. கெரவாக்கும் வாவும் தாம் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்பதை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கற்பனை மனிதர்களை விட்டு மெய்யான ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய மெய்யான எண்களைக் கொண்டு போட்டியிடும் முறை 1960இல் பாஸ்டனில் தோன்றியது. தொடங்கியவர் அப்போது ஹார்வர்டில் இருந்த இளம் சமூகவியலாளர் வில்லியம் கேம்சன். பங்கேற்பவர் ஒவ்வொருவரும் பத்து டாலர் செலுத்தவேண்டும். கற்பனையாக ஓர் இலட்சம் டாலர் கையில் வைத்து ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கவேண்டும். பருவ முடிவில் அவர்களுடைய மட்டைச் சராசரி முதலியவற்றைக் கூட்டி வென்றவரைக் காணவேண்டும். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'பேஸ்பால் கருத்தரங்கு'. பல்கலைக்கழக வளாகத்தில் பந்தய வாடை வீசாதிருக்க அப்பெயர் உதவியது என்பர். கேம்சன் பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது கருத்தரங்கும் உடன் சென்றது. 1965இல் வியட்நாம் போருக்கு எதிராக அங்கே நடந்த புகழ்பெற்ற முதல் விடிய விடியக் கற்பித்தல் போராட்டத்தின் முன்னணியினருள் இதே கேம்சனும் ஒருவர். பின்னாளில் அமெரிக்கச் சமூகவியற் கழகத்தின் தலைவரானார். ஒரு மனிதரின் வாழ்வில் எவையெவை அருகருகே இருக்கின்றன!

மிச்சிகனில் அந்தக் கருத்தரங்கில் சேர்ந்தவர் ராபர்ட் ஸ்க்லார். அமெரிக்கத் திரைப்படத்தின் சமூக வரலாற்றை எழுதியவர். அவரிடம் மாணவராக இருந்தவர் டேனியல் ஓக்ரென்ட். பின்னாளில் 2003இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் வாசகர் நலன் ஆசிரியராக அமர்ந்தவர் இவரே. 1979ஆம் ஆண்டின் இறுதியில் டெக்சாஸின் ஆஸ்டின் நகருக்குச் செல்லும் விமானத்தில், ஆசிரியரிடம் கேட்ட கருத்தரங்கின் நினைவிலிருந்து, புதிய விதிகளை ஓக்ரென்ட் எழுதினார். ஆஸ்டின் நண்பர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நியூயார்க் நண்பர்கள் பற்றிக்கொண்டார்கள். அவர்கள் மதிய உணவுக்குக் கூடிய மன்ஹாட்டன் உணவகத்தின் பெயர் லா ரோட்டிஸரி ஃபிரான்ஸேஸ். 'ரோட்டிஸரி லீக்' என்ற பெயர் அப்படி வந்தது. 1980 ஏப்ரலில் முதல் ஏலம். உணவகம் பின்னர் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் அமெரிக்கா முழுவதும் பரவிற்று.

கூடியவர்கள் பெரும்பாலும் எழுத்தையும் பதிப்பையும் தொழிலாகக் கொண்டவர்கள். தாமஸ் பிஞ்சனின் பதிப்பாசிரியராக இருந்த கார்க் ஸ்மித் தம் அணிக்கு 'ஸ்மித் கரோனாஸ்' என்று பெயரிட்டார். அன்று எல்லார் மேசையிலும் இருந்த தட்டச்சுப் பொறியின் பெயரோடு தம் பெயரைக் கோத்த சிலேடை அது. ஓக்ரென்டின் அணி, ஜார்ஜியாவின் ஒக்கஃபெனோக்கி சதுப்பு நிலத்தின் பெயரைத் திருகிய 'ஓக்ரென்ட் ஃபெனோக்கீஸ்'. வென்றவர் தலையில் சாக்லேட் பானத்தைக் கொட்டுவது மரபு. விதிகளோ விளையாட்டுத்தனமானவை அல்ல. பின்னர் நிலைபெற்ற முறைப்படி, 260 டாலருக்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கவேண்டும்; நட்சத்திரம் ஒருவருக்கு நாற்பது டாலர் கொடுத்துவிட்டால் வேறு பலரை ஒரு டாலருக்குத் தேடவேண்டும். எடுத்தவர்களை ஏப்ரல் முதல் அக்டோபர் தொடக்கம் வரை வைத்துக் காக்கவேண்டும். காயம்பட்டால் மாற்று தேடவேண்டும். மே மாதத்தில் தடுமாறுபவனை விற்றுவிடுவதா, ஆகஸ்டில் எழுவான் என்று பொறுப்பதா என்று தவிக்கவேண்டும். பந்தெறிவாளரை மதிப்பிட, ஓர் இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளமேற விட்டார் என்ற எளிய கணக்கை ஓக்ரென்ட் இதற்காகவே உருவாக்கினார். செய்தித்தாளில் அச்சாகும் எண்களைக் கொண்டே போட முடிகிற கணக்கு. இன்று தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அதன் பிறப்பிடம் அறியாமலே பயன்படுத்துகிறார்கள்.

1981 ஜூன் 12இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏழு வாரம், 713 ஆட்டங்கள் நடக்கவில்லை. எழுதுவதற்கு ஒன்றுமில்லாத விளையாட்டு நிருபர்கள் இந்த உணவகக் குழுவைப் பற்றி எழுதத் தொடங்கினர். மெய்யான பேஸ்பால் நின்றுபோன கோடையில்தான் கற்பனை பேஸ்பால் ஊரறிந்தது. 1984இல் விதிகள் நூலாக வெளிவந்தன. இலட்சக்கணக்கானோர் ஆடினர். கண்டுபிடித்தவர்களுக்கு அதிலிருந்து கிட்டிய வருவாய் சொற்பமே.

தேர்வு செய்பவனுக்கு அறிவு எங்கிருந்து கிடைத்தது? இங்கேதான் அந்த இரவுக் காவலாளி வருகிறார். கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் அவரை, இறைச்சி முதலியவற்றை டப்பியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இரவுக்காவல் புரிந்த பில் ஜேம்ஸ், கொதிகலன்களுக்கு நடுவே அமர்ந்து பாக்ஸ் ஸ்கோர்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். 1977இல் தாமே நகலெடுத்து வெளியிட்ட முதல் தொகுப்பு 75 படிகள் அளவில் விற்றது. மட்டைச் சராசரி பொய் சொல்லும் இடங்கள் யாவை, ஓட்டம் உண்மையில் எதனால் விளைகிறது, மைதானத்தின் அளவு எண்களை எப்படித் திரிக்கிறது என்பன அவருடைய கேள்விகள். அவர் நல்ல உரைநடைக்காரர் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். எண்களை மட்டும் தந்திருந்தால் அவரை அத்தனை பேர் படித்திருக்கமாட்டார்கள். 2001இல் வோரோஸ் மெக்கிராக்கன் என்பவர், மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து பிடிபடுமா நழுவுமா என்பதில் பந்தெறிவாளனுக்கு மிகக் குறைந்த கட்டுப்பாடே உண்டு என்று எழுதினார். அப்படியானால் மட்டையில் படாமலே ஆட்டமிழக்கச் செய்யும் 'ஸ்டிரைக் அவுட்'தான் நம்பத்தக்க அளவுகோல். இது களத்து நிபுணர்களுக்குச் சினமூட்டியது. காகிதத்தில் அணி எடுப்பவர்களுக்கோ கையில் கிடைத்த சாவியாயிற்று.

இணையம் வந்தபின் கணக்கைக் கையால் போடவேண்டிய தேவை ஒழிந்தது. அதனோடு, ஆட்டக்காரரின் பெயரும் எண்ணும் யாருடைய சொத்து என்ற வழக்கும் வந்தது. பேஸ்பால் அமைப்பின் இணையப் பிரிவு, உரிமக் கட்டணமின்றி இவற்றைப் பயன்படுத்தலாகாது என்றது. சி.பி.சி. என்னும் சிறு நிறுவனம் நீதிமன்றம் சென்றது. பொதுவெளியில் உள்ள பெயரையும் எண்ணையும் பயன்படுத்துவது பேச்சுரிமையின் பாற்பட்டது என்று 2007இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்விக்கின் கட்டம் எல்லாருக்கும் பொது என்று உறுதியான தருணம் இது எனலாம்.

அதற்கு ஓராண்டு முன்னர், 2006 அக்டோபர் 13இல், இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று கையொப்பமானது. துறைமுகப் பாதுகாப்பு பற்றிய மசோதாவின் வாலில் கட்டி அனுப்பப்பட்ட சட்டம். சீட்டாட்டத் தளங்களைக் குறிவைத்தது. கற்பனை அணி விளையாட்டுக்கு அதில் விலக்கு இருந்தது: வெற்றி பங்கேற்பவரின் அறிவையும் திறமையையும் காட்டவேண்டும், பல மெய்யான ஆட்டங்களின் எண்களால் அமையவேண்டும், ஒற்றை அணியின் வெற்றி தோல்வியையோ ஒற்றை மனிதரின் ஆட்டத்தையோ மட்டும் சார்ந்திருக்கலாகாது. விலக்கை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது ஏப்ரலில் ஏலம் எடுத்து அக்டோபர் வரை காத்திருக்கும் அந்தப் பழைய மேசை என்றே நாம் கருதுகிறோம். ஆனால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்ட அந்த இடைவெளியில் 2007 முதல் சில சிறு தளங்கள் நுழைந்தன. பருவம் முழுவதற்கும் அல்ல, ஒரே நாளுக்கு அணி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் செய்தி முன்கணிப்புத் தளம் நடத்திக்கொண்டிருந்த சிலர் 2009இல் ஃபேன்டூயலைத் தொடங்கினர். அந்த எண்ணம் உருவானதும் ஆஸ்டின் நகரில்தான், அவர்கள் ஒரு மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது. ஓக்ரென்டின் விமானம் இறங்கிய அதே ஊர். 2012இல் பாஸ்டனில் டிராஃப்ட்கிங்ஸ் பிறந்தது. அதன் முதல் போட்டி பேஸ்பாலுக்கானது. கேம்சனின் கருத்தரங்கு கூடிய ஊரும் அதுவே. ஊர்கள் மாறவில்லை, கால அளவு மாறிவிட்டது. 2011இல் சீட்டாட்டத் தளங்கள் முடக்கப்பட்டபின் வேலையற்றுப்போன தொழில்முறைச் சீட்டாளர்கள் பலரும் இங்கே வந்து சேர்ந்தனர்.

இனி, ஒற்றை இரவுக்கான அணி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். டிராஃப்ட்கிங்ஸ் முறையில் கற்பனைப் பணம் 50,000 டாலர். பந்தெறிவாளர் இருவர், மட்டையாளர் எண்மர், ஆகப் பதின்மர். தலைக்குச் சராசரி ஐயாயிரம். ஆனால் தேர்ந்த பந்தெறிவாளர் ஒருவரின் விலை பத்தாயிரத்தைத் தொடும். அத்தகைய இருவரை எடுத்தால் மீதி முப்பதாயிரத்தில் எண்மர். தலைக்கு 3,750 டாலர். யாரை விட்டுக்கொடுப்பது என்பதிலிருந்து சிந்தனை தொடங்குகிறது. ஓர் இன்னிங்ஸ் எறிந்தால் 2.25 புள்ளி, ஸ்டிரைக் அவுட்டுக்கு 2, வெற்றிக்கு 4. ஓட்டம் கொடுத்தால் 2 குறையும். ஆறு இன்னிங்ஸில் எட்டு ஸ்டிரைக் அவுட் எடுத்தவன், வெற்றி கிட்டாவிட்டாலும், மட்டையில் பட விட்டு வென்றவனை முந்திவிடுவான். மெக்கிராக்கனின் பாடம் இங்கே விலையாக மாறி நிற்கிறது.

மட்டையாளர் தேர்வில் மனிதரைவிடச் சூழலே பெரிது. வரிசையில் முதலாவதாக வருபவருக்கு ஒன்பதாமவரைவிட ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ ஒரு வாய்ப்பு கூடுதல். ஆகவே அன்றைய மட்டை வரிசை வெளியாகும் வரை எவரும் முடிவு செய்வதில்லை. இடக்கை மட்டையாளர் வலக்கைப் பந்தெறிவாளரைச் சந்தித்தால் பந்து உள்நோக்கி வரும், நன்றாகத் தெரியும். அந்த இணைப்பைத் தேடுவர். டென்வரில் கூர்ஸ் ஃபீல்டு மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பந்து வெகுதூரம் போகும், எறிபவர் கொடுக்கும் வளைவும் குறையும். 2002 முதல் அங்கே பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தும் அதன் புகழ் முற்றாகக் குறையவில்லை. அங்கே ஆட்டம் இருக்கும் நாளில் சாதாரண மட்டையாளரின் விலையும் ஏறிவிடும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் ஏரிக்காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்க்கவேண்டும். மழை வருமா என்று பார்க்கவேண்டும்; ஆட்டம் கைவிடப்பட்டால் அவர் கணக்கில் சுழியம்.

எல்லாவற்றினும் முக்கியமான உத்தி, ஒரே அணியின் அடுத்தடுத்த மட்டையாளர்களைக் கொத்தாக எடுப்பது. ஹோம் ரன் அடித்தவருக்கு 10 புள்ளி. ஓடி வந்த ஓட்டத்துக்கு 2. உள்ளே கொண்டுவந்த ஒவ்வோர் ஓட்டத்துக்கும் 2. இருவர் தளத்தில் நிற்க ஒருவர் ஹோம் ரன் அடித்தால் அவருக்கு 18, ஓடிவந்த இருவருக்கும் இரண்டிரண்டு. மூவரும் உங்களவராக இருந்தால் ஒரே அடி மும்மடங்காகப் பேசும். அந்த அணி அன்று சோர்ந்தால் மூவரும் சேர்ந்து மூழ்குவர் என்பது மறுபக்கம். ஓர் அணியிலிருந்து ஐந்து மட்டையாளர் வரை எடுக்க விதி இடம் தருகிறது.

ஆயிரக்கணக்கானோர் சேரும் பெரும் போட்டிகளில் இன்னொரு திருகும் உண்டு. எல்லாரும் எடுத்த ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் எல்லாரும் சேர்ந்தே உயர்வர், எவரும் முந்தமுடியாது. ஆகவே பிறர் யாரை எடுக்கமாட்டார்கள் என்பதையும் கணிக்கவேண்டும். யார் அழகி என்பதன்று, பிறர் யாரை அழகி என்பர் என்று ஊகிக்கும் போட்டியைப் பங்குச்சந்தைக்கு உவமையாக 1936இல் கெயின்ஸ் சொன்னார். அந்த உவமை இங்கே உவமையாகவே இல்லை.

இந்த நுட்பங்களை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சராசரி .300 உடையவர் சிறந்த மட்டையாளர்; .250 உடையவர் நடுத்தரம். 500 வாய்ப்புகளில் முன்னவருக்கு 150 வெற்றி அடிகள், பின்னவருக்கு 125. பருவ முடிவில் இந்த இருபத்தைந்து எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒரே இரவில், நான்கு வாய்ப்புகளில்? 1.2க்கும் 1.0க்கும் உள்ள வேறுபாடு. கண்ணுக்குத் தெரியாது. நடுத்தரக்காரர் சிறந்தவரை விஞ்சும் இரவுகள் ஏராளம். பேஸ்பாலில் திறமை என்பது 162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில் மெல்லக் கசிந்து வெளிப்படுவது. ரோட்டிஸரி மேசையில் அமர்ந்தவர்கள் அந்தக் கசிவுக்காகக் காத்திருந்தார்கள். ஒற்றை இரவுக்கு அணி எடுப்பவனிடம் அந்தக் காலம் பறிக்கப்பட்டுவிடுகிறது.

ஆனால் எல்லாரிடமும் பறிக்கப்படுவதில்லை என்பதே செய்தி. இருபது டாலரோடு ஒரு சனிக்கிழமை ஓர் அணி எடுப்பவனுக்கு அது ஏறத்தாழத் தற்செயல். அதே இரவில் நூற்றுக்கணக்கான அணிகளைக் கணினி நிரலால் உருவாக்கி, அதைப் பருவத்தின் எல்லா இரவுகளிலும் செய்பவனுக்குச் சிறு சிறு சாதகங்கள் கூடிப் பெருகித் திறமையாகத் திரண்டுவிடுகின்றன. அவன் தனக்கென ஒரு நீண்ட பருவத்தைச் செய்துகொள்கிறான். முன்னவன் ஒரு கை பகடை. பின்னவன் பகடைகளின் கூட்டுத்தொகை. 2015 பேஸ்பால் பருவத்தின் முற்பாதியை ஆராய்ந்து அவ்வாண்டு மெக்கின்சி ஆலோசகர்கள் வெளியிட்ட கணக்கு இதைத்தான் காட்டிற்று: ஆடியவர்கள் ஈட்டிய இலாபத்தில் 91 விழுக்காடு 1.3 விழுக்காட்டினரிடம் சென்றிருந்தது. பாக்ஸ் ஸ்கோரை நேசித்து வாசித்தவன் அந்த 1.3க்குள் இருக்கவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை. பேஸ்பாலே பார்க்காதவனும் அதற்குள் இருக்கலாம்.

அதே 2015இல் குட்டு வெளிப்பட்டது. எந்த ஆட்டக்காரரை எத்தனை விழுக்காட்டினர் எடுத்திருக்கின்றனர் என்ற உள்விவரத்தை டிராஃப்ட்கிங்ஸ் ஊழியர் ஒருவர் உரிய நேரத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டார். அவ்வாரமே அவர் போட்டி நிறுவனமான ஃபேன்டூயலில் 350,000 டாலர் வென்றிருந்தார். அது கால்பந்துப் போட்டி. அணி பூட்டப்படும் முன் அவ்விவரம் அவரிடம் இல்லை என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. ஆயினும் கேள்வி பொதுவாகிவிட்டது. நவம்பரில் நியூயார்க் தலைமை வழக்கறிஞர் இது சூதாட்டமே என்று நிறுத்த ஆணையிட்டார். 2016இல் மாசசூசெட்ஸ் கொண்டுவந்த விதிகள் ஒரு போட்டியில் ஒருவர் 150 அணிகளுக்கு மேல் இறக்கலாகாது என்றன. சிறு போட்டிகளில் மொத்தத்தில் மூன்று விழுக்காடே வரம்பு. ஓக்ரென்டின் நண்பர்களிடம் இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. ஆளுக்கு ஓர் அணி. அந்த அணியின் பெயரில் ஒரு சிலேடை.

1919 உலகத் தொடரை விற்றார்கள் என்று எட்டு ஆட்டக்காரர்களை ஆயுளுக்கும் விலக்கியது பேஸ்பால். பந்தயம் கட்டியதற்காக 1989இல் பீட் ரோஸை விலக்கியது. அதே அமைப்பு 2013இல் டிராஃப்ட்கிங்ஸில் பங்கு வாங்கியது. இது பந்தயமன்று, திறமை என்ற சொல்தான் அதற்குத் துணை நின்றது. அந்தச் சொல்லைப் பற்றி நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 மார்ச்சில் முடிவு சொன்னபோது நீதிபதிகள் நால்வர் திறமை என்றனர், மூவர் மறுத்தனர். கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர் 2025 ஜூலையில் தம் மாநிலச் சட்டப்படி இது செல்லாது என்று கருத்துரைத்தார். ஒருவரும் தவறாகச் சொல்லவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. எத்தனை இரவுகளுக்கு என்று கேட்காமல் இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது. எந்தச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்தது, ஆனால் கிரிக்கெட்டின் பெயரால். சென்னைக் குதிரைப் பந்தய மன்றம் தொடர்பாகத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டமாகாது என்று வகுத்தது. 2017இல் ட்ரீம்11 வழக்கை விசாரித்த பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின்மேல் நின்றே கற்பனை அணித் தேர்வைத் திறமை என்றது. எட்டாண்டுகள் அச்சொல் அங்கும் காவல் நின்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையாயினும் தற்செயலாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவும் கூடாது என்று கூறிவிட்டது. அம்மாதமே ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது.